குவார்ட்டர் குறைந்தால் சிகரெட் என்னவாகும்?

ஒரு குவார்ட்டர் புட்டி என்பது 180 மில்லி. 42.8 சதவீத வலிமையுள்ள பிராந்தியோ ரம்மோ என்றால், அதில் ஏறத்தாழ 60 கிராம் எத்தனால், அதாவது போதை தரும் மதுச்சத்து, இருக்கிறது. கல்லீரலால் மணிக்கு ஏழெட்டு கிராம் அளவில்தான் அதைச் சிதைக்க முடியும் என்பதால், இரவு ஒன்பது மணிக்குக் குடித்து முடித்தவரின் கல்லீரல் விடியும்வரை அந்த வேலையிலேயே மூழ்கியிருக்கிறது. அந்த நேரத்தில் எரிந்திருக்க வேண்டிய கொழுப்பு எரியாமல் அங்கேயே தங்கிவிடுகிறது. குடியை நிறுத்தினால் இந்தக் கொழுப்பு பெரும்பாலும் சில வாரங்களில் வடிந்துவிடும். ஆனால் தழும்பேறிச் சுருங்கிய கல்லீரல் அவ்வளவு எளிதில் மீளாது.

குடியைக் குறைத்தால் இரத்த அழுத்தமும் இறங்குகிறது. 36 ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான பகுப்பாய்வின்படி, நாளொன்றுக்கு ஆறு அளவுக்கு மேல் (அளவு என்பது ஆய்வுகளில் மதுவைக் கணக்கிடும் அலகு; ஒன்றில் ஏறத்தாழ 12 கிராம் எத்தனால்), அதாவது குவார்ட்டரைவிடச் சற்றுக் கூடுதலாகக் குடித்தவர்கள் அதைப் பாதியாகக் குறைத்தபோது, மேல் அழுத்தம் சராசரியாக ஐந்தரைப் புள்ளி குறைந்தது. இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் நோயாளிகள் 140 பேரிடம் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வில், வழக்கம்போல் குடித்தவர்களில் 73 சதவீதத்தினருக்கும், குடியை விட முயன்ற குழுவில் 53 சதவீதத்தினருக்கும் அந்தக் கோளாறு ஆறு மாதத்துக்குள் திரும்ப வந்தது.

என்னை மிகவும் யோசிக்க வைப்பது சிகரெட்தான். முதல் ரவுண்டு உள்ளே போனதும் கை தானாகவே சட்டைப்பையில் உள்ள பாக்கெட்டைத் தேடுவதைப் பழக்கதோஷம் என்கிறோம். அது உண்மைதான் என்றாலும், அதற்கு அடியில் கல்லீரலின் கணக்கு ஒன்றும் இருக்கிறது. நிக்கோட்டினைப் பெருமளவு சிதைப்பது சிஒய்பி2ஏ6 என்ற கல்லீரல் நொதி. அதிகமாகக் குடிப்பவர்களிடம் நிக்கோட்டின் வேகமாகச் சிதைவதால், இரத்தத்தில் அதன் அளவு சீக்கிரமே இறங்கி, அடுத்த சிகரெட்டுக்கான தவிப்பும் முன்கூட்டியே வந்துவிடுகிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், குடிநோய்க்குச் சிகிச்சை பெற்ற 22 புகைப்பழக்கத்தினரைச் சில வாரங்கள் கவனித்தார்கள். அவர்களில் ஆண்கள் வாரத்துக்குச் சுமார் 29 அளவாக இருந்த குடியை 7 ஆகக் குறைத்தபோது, நிக்கோட்டின் சிதையும் வேகமும் தணிந்தது. சிறிய ஆய்வுதான், ஆயினும் வேகமாகச் சிதைப்பவர்களுக்குப் புகையை விடுவது கடினம் என்பது ஏற்கெனவே அறிந்த செய்தி என்பதால், இதற்கு மதிப்பு உண்டு.

"முதலில் குடியை விடட்டும், சிகரெட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று வீட்டார் சொல்வது அக்கறையால்தான். ஆனால் போதைச் சிகிச்சையில் இருப்பவர்களுக்குப் புகையை விடவும் உதவியபோது, அவர்கள் மது, பிற போதைப்பொருள்களிலிருந்து நீண்டகாலம் விலகியிருக்கும் வாய்ப்பு 25 சதவீதம் கூடியதாக 2004-இல் வெளியான தொகுப்பாய்வு காட்டியது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஆண்டுக்கணக்கில் தினமும் குடித்தவரின் மூளை, மதுவின் மந்தத்தை ஈடுகட்டத் தன் கிளர்ச்சியைக் கூட்டி வைத்திருக்கும். மது சட்டென்று நின்றால் அந்தக் கிளர்ச்சியைத் தடுக்க ஏதும் இருக்காது: சில மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பும், அதன்பின் உயிருக்கே ஆபத்தான பிதற்றல் நிலையும் வரக்கூடும். அத்தகையவர் மருத்துவர் மேற்பார்வையில்தான் குடியை நிறுத்த வேண்டும். அங்கே நடுக்கத்துக்கு மருந்தும், மூளையைக் காக்கத் தயாமின் (வைட்டமின் பி1) ஊசியும் தருவார்கள்.