பெற்றவரைப் பிள்ளையின் கையில் ஒப்படைக்கும் முன்

சென்ற வாரம் ஒரு மகள் வந்திருந்தார், ஐம்பதைத் தாண்டியவர். பக்கவாதத்தில் வலப்பக்கம் செயலிழந்த தந்தையை மறுநாள் வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். படுக்கைப்புண் வராமல் ஒருக்களித்துப் படுக்கவைக்கச் செவிலியர் பழக்கிக்கொண்டிருந்தார். தோளையும் இடுப்பையும் பிடித்துத் திருப்பியபோது முதியவரின் வலக்கை சரிந்து மகளின் பக்கம் விழுந்தது. மகள் இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றுவிட்டார். அந்தக் கை இனித் தானாக எழாது என்று அரை மணி நேரத்துக்கு முன்புதான் அவரிடம் விளக்கியிருந்தேன்.

கூட வந்த உறவினர், "பெத்த அப்பாதானே, என்ன பயம்? பழசை எல்லாம் மன்னித்துவிடு" என்றார்.

சிறுவயதில் தங்களைக் கொடுமைப்படுத்திய பெற்றோரைப் பராமரிக்க வரும் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் இந்த அறிவுரை, முதியோர் பிரிவில் உளவியல் ஆலோசகராக இருக்கும் எனக்குக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. 'பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு' என்று பழமொழி சொல்பவர்கள், பெற்ற மனமே கல்லாக இருந்த வீடுகளைப் பார்த்ததில்லையா? மன்னித்தால்தான் பணிவிடை செய்ய முடியும் என்பது தவறு. மன்னிப்பு மனத்தின் காரியம், சிறுநீர்ப் பையை மாற்றுவது கையின் காரியம். மன்னிக்காமலேயே வேளை தவறாமல் மருந்து கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மனமார மன்னித்தும், குளிப்பாட்டத் துணியை நனைத்ததும் கை நடுங்குபவர்களையும் பார்த்திருக்கிறேன். மன்னிக்கச் சொல்லி நெருக்கினால் பராமரிப்பு சிறக்காது, அந்தப் பிள்ளை நம்மிடம் உண்மை பேசுவதை நிறுத்திவிடுவார், அவ்வளவுதான். அப்படி வாய்மூடியவர் களைத்துப்போன ஓர் இரவில் முதியவரின் மணிக்கட்டை இறுக்கிப் பிடிப்பார், மருந்தைத் தாமதிப்பார். முதியவரின் பாதுகாப்புக்காகவும்தான் சொல்கிறேன்.

இன்னொரு பக்கம், 'கடைசியில் ஒரு வார்த்தை வருந்திச் சொல்வார்' என்று காத்திருக்கும் பிள்ளைகள். தயவுசெய்து அதை நம்பிப் பொறுப்பேற்காதீர்கள். மறதிநோய் வந்தவருக்கு நீங்கள் சுமக்கும் அந்த நாள் நினைவில் இல்லாமலே போகலாம். சிலர் சாந்தமாகிவிடுவார்கள். மூளையின் முன்பகுதி பாதிக்கப்பட்டால் கட்டுப்பாடு தளர்ந்து பழைய வசவுகளே திரும்பவும் வரலாம். அது நோய்தான். ஆனாலும் கேட்பவருக்கு வலிக்கும்.

பராமரிப்பவரின் சுமையை அளக்க 1980இல் அமெரிக்க ஆய்வாளர் ஜாரிட் உருவாக்கிய கேள்வித்தாளை நாங்கள் இன்றும் பயன்படுத்துகிறோம். பின்னர் சுருக்கப்பட்ட அதன் 22 கேள்விகளில் ஒன்றுகூட 'இவர் உங்களை எப்படி வளர்த்தார்?' என்று கேட்பதில்லை. அமெரிக்க மருத்துவர்கள் ஃபெலிட்டியும் ஆண்டாவும் 1998இல் வெளியிட்ட ஆய்வோ, குழந்தைப் பருவக் கொடுமைகள் நடுவயதின் மனச்சோர்வோடும் இதய நோயோடும் தொடர்புடையவை என்று காட்டிவிட்டது. பராமரிக்க வருபவரின் ரத்த அழுத்தத்தையும் ஒருமுறை பாருங்கள்.

தொட்டுச் செய்யும் வேலைகள் உங்களைப் பதறவைக்கிறதா? அவற்றைப் பணியாளரிடமோ உடன்பிறந்தவரிடமோ கொடுத்துவிடுங்கள். மருத்துவரைப் பார்ப்பது, கணக்கு வைப்பது, மாத்திரை வாங்குவது எல்லாம் பராமரிப்புதான். முழு இரவுகளும் ஒருவர் தலையில் விழக்கூடாது. கோபம் ஏறினால் அவரைப் பாதுகாப்பாகப் படுக்கவைத்து, கட்டில் தடுப்பு இருந்தால் உயர்த்திவிட்டு, பத்து நிமிடம் வெளியே வந்துவிடுங்கள். உங்களைத் துன்புறுத்தியவரிடம் உங்கள் குழந்தையைத் தனியே விடாதீர்கள், வயதாகிவிட்டது என்று யார் சொன்னாலும் சரி. என்னால் முடியாது என்று தோன்றினால் வீட்டுக்கு அனுப்பும் நாளுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அப்போது சொன்னால் எங்களால் மாற்று ஏற்பாடு தேட முடியும்.

சக மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 'யார் பார்த்துக்கொள்வார்கள்?' என்று நோயாளியின் கட்டிலருகே நின்று கேட்காதீர்கள். அங்கே எந்தப் பிள்ளையால் மறுக்க முடியும்? தனியறையில், உறவினர்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

அந்த மகளிடம் நானும் தாமதமாகத்தான் தனியே கேட்டேன். வெகுநேரம் பேசாமல் இருந்தவர், "பக்கத்தில் உட்கார்ந்து மாத்திரை கொடுக்கிறேன். தொடமட்டும் முடியாது" என்றார். குளிப்பாட்டவும் புரட்டவும் ஒரு பணியாளரை ஏற்பாடு செய்த பிறகே தந்தையை வீட்டுக்கு அனுப்பினோம். மாத்திரைப் பெட்டியை மகள் வாங்கிக்கொண்டார்.