'லாயின்-லாயின்' கட்டத்துக்குள் யார்?

பள்ளித் தவணை தொடங்கும் முதல் வாரத்தில் வகுப்பாசிரியருக்குப் பாடம் நடத்துவதைவிடப் பாரம் (படிவம்) நிரப்புவதே பெரிய வேலை. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் ஓர் இடைநிலைப்பள்ளியில் கணிதம் கற்பிக்கிறேன். பெயர், அடையாள அட்டை எண், பெற்றோர் வருமானம், அப்புறம் 'பங்சா', அதாவது இனம். அதற்கு நான்கு கட்டங்கள்: மலாய்க்காரர், சீனர், இந்தியர், லாயின்-லாயின் (மலாயில் 'மற்றவர்கள்').

ஒரு வருடம் ஒரு மாணவி பேனாவைப் பிடித்தபடி எழுதாமல் உட்கார்ந்திருந்தாள். அப்பா தோட்டத்தில் பிறந்த தமிழர், அம்மா உலு (ஆற்றின் மேற்பகுதிக் காட்டுப்புறம்) பக்கத்துத் தெமியார் பூர்வக்குடி. "எதுல போடுறது டீச்சர்?" என்று கேட்டாள். "அப்பா இந்தியர்தானே, அதுலயே போடும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்துவிட்டேன். அவள் எழுதினாள். ஆனால் அந்த முகம் வாடியது எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஒரே வரியில் அவளுடைய அம்மாவை நான் அழித்துவிட்டேன். இனப் பன்மை என்று நாம் சொல்லும் எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்று தேடிப் படிக்கத் தொடங்கியது அதன் பிறகுதான்.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசியக் குடிமக்களில் பூமிபுத்ராக்கள் (மலாய்க்காரரும் மற்ற பூர்வக்குடிகளும்) 69.4 விழுக்காடு, சீனர்கள் 23.2, இந்தியர்கள் 6.7, மற்றவர்கள் 0.7. இதை வைத்து நாடு எவ்வளவு பன்மையானது என்று ஒரே எண்ணில் சொல்ல முடியுமா? முடியும். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பேரைப் பொறுக்கினால், அவர்கள் வெவ்வேறு இனத்தவராக இருக்க எவ்வளவு வாய்ப்பு? அதுதான் பன்மைக் குறியீடு. எட்வர்ட் சிம்ப்சன் என்ற பிரிட்டிஷ் புள்ளியியலாளர் 1949இல் எழுதிய கணக்கிலிருந்து வந்தது. ஒரு காட்டில் எத்தனை வகை உயிர்கள் கலந்திருக்கின்றன என்று பார்ப்பவர்களும் இதையேதான் பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொரு பங்கையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, ஒன்றிலிருந்து கழிக்க வேண்டும். மேலே உள்ள நான்கு பங்குகளுக்கு 0.46 வருகிறது. நூறு முறை பொறுக்கினால் ஏறக்குறைய 46 முறை வேறு வேறு இனத்தவர் கிடைப்பார்கள்.

சரி, இப்போது என் வகுப்புப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டும் கணக்கைச் சொல்கிறேன். முப்பது பேர் கொண்ட வகுப்பு. 15 மலாய்க்காரர், 12 இந்தியர், 3 சீனர் என்று வைத்துக்கொள்வோம். குறியீடு 0.58. அந்தப் பன்னிரண்டு பேரில் 9 பேர் தமிழர், 3 பேர் தெலுங்கர் என்று பிரித்துக் கணக்கிட்டால் 0.64. யாரும் புதிதாகச் சேரவில்லை, யாரும் போகவில்லை. கோடு ஒன்று கூடியது, பன்மையும் கூடிவிட்டது! பிள்ளைகள் இங்கேதான் நிமிர்ந்து உட்காருவார்கள். 'இந்தியர்' என்ற கட்டத்துக்குள் தமிழர், தெலுங்கர், மலையாளி, பஞ்சாபி எல்லோரும் ஒன்றாகிறார்கள். 'பூமிபுத்ரா' என்ற கட்டத்துக்குள் மலாய்க்காரர், போர்னியோவின் இபான், கடசான், நம் உலு தெமியார் எல்லோரும் ஒன்றாகிறார்கள்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே இந்தக் குறியீடு 2010இல் 54.9 விழுக்காடு, 2020இல் 61.1. ஒன்றுக்கு மேற்பட்ட இனம் என்று பதிவானவர்கள் 90 லட்சத்திலிருந்து 3 கோடியே 38 லட்சமானார்கள். பத்து வருடத்தில் அத்தனை பேர் பிறந்து வந்துவிடவில்லை. கேள்வியைக் கேட்ட விதமும் பதிலைப் பதிந்த விதமும் மாறியது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

எங்கள் ஊருக்குத் திரும்புவோம். முன்பு சொன்ன மலேசிய விழுக்காடுகள் குடிமக்களுக்கு மட்டும். தோட்டத்துக்குள் போய்ப் பாருங்கள். நம் தாத்தா பாட்டி இருந்த லயத்து வீடுகளில் இன்று இந்தோனேசியர்களும் வங்காளதேசிகளும் நேப்பாளிகளும் இருக்கிறார்கள். செம்பனைக் குலை வெட்டுவது அவர்கள் கை. அந்த நான்கு விழுக்காடுகளில் அவர்கள் இல்லை.

அப்புறம், எண்ணிக்கை வேறு, கலப்பு வேறு. எங்கள் வட்டாரத்தில் கம்போங் (மலாய்க் கிராமம்) ஒரு பக்கம், தோட்டம் ஒரு பக்கம், சீனர்களின் புதுக்கிராமம் இன்னொரு பக்கம். அது தானாக அமைந்ததில்லை. 1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை எதிர்த்து பிரிட்டிஷ் ஆட்சி அறிவித்த அவசரகாலம் வந்தது. 1950இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தில், கெரில்லாக்களுக்கு உதவி கிடைக்காதபடி, காட்டோரம் குடியிருந்த சீனர்களை வேலி போட்ட கிராமங்களுக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். இப்படிப் பிரிந்து வாழ்வதை அளக்கத் தனிக் குறியீடு உண்டு. 1955இல் டங்கன் தம்பதி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர்கள் அதைப் பரவலாக்கினார்கள். இரு இனமும் எல்லா வட்டாரத்திலும் ஒரே விகிதத்தில் பரவியிருக்க வேண்டுமானால், ஓர் இனத்தில் எத்தனை பங்கு இடம் மாற வேண்டும் என்று அது கேட்கும். பூஜ்யம் வந்தால் முழுக் கலப்பு, ஒன்று வந்தால் முழுப் பிரிவு. பன்மைக் குறியீடு உயர்ந்திருக்கும் ஊரில் இதுவும் உயர்ந்தே இருக்கலாம். எனக்கு இதுதான் முக்கியமான எண்ணாகப் படுகிறது, நாம் பேசாத எண்ணும் இதுதான்.

ரத்தத்தைப் பார்த்து இனத்தைச் சொல்லிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 160ஆவது விதி மலாய்க்காரர் யார் என்று சொல்லும்போதே சமயம், மொழி, வழக்கம் ஆகியவற்றைத்தான் முதலில் வைக்கிறது. தோட்டத்து அனுபவமும் அப்படித்தான். சீனக் குழந்தைகளைத் தமிழ்க் குடும்பங்கள் எடுத்து வளர்த்தது நம் பக்கம் எல்லோரும் அறிந்தது. என் மாணவன் ஒருவனின் பாட்டி அப்படி வளர்ந்தவர். நெற்றியில் பொட்டு, வாயில் வெற்றிலை, சுத்தமான லயத்துத் தமிழ். "பாட்டி, கணக்கெடுக்க வந்தவங்ககிட்ட என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன். "என்ன சொல்றது, தமிழச்சின்னுதான்" என்றார்.

இப்போதெல்லாம் அந்தப் பாரத்தைக் கொடுக்கும்போது நான் பதில் சொல்லித் தருவதில்லை. "வீட்ல அம்மா அப்பா ரெண்டு பேர்கிட்டயும் கேட்டுட்டு வாங்க, நாளைக்குக் குடுத்தா போதும்" என்கிறேன். சிலர் கட்டத்துக்குப் பக்கத்தில் இரண்டு பெயர்களை எழுதிக்கொண்டு வருகிறார்கள். நான் அடிப்பதில்லை.