சிறாப்பர்: கச்சேரியில் காசு எண்ணியவர்

திருகோணமலைக் குடும்பமொன்றின் பழைய காணி உறுதியிலோ விவாகப் பதிவிலோ பூட்டனாரின் பெயரை ஒட்டிச் ‘சிறாப்பர்’ என்றிருந்தால், இன்றைய பிள்ளைகள் அதையும் பெயரின் பகுதியாகவே எடுத்துக்கொள்கிறார்கள். மங்கிய மையில் அதைச் ‘சுறாப்பர்’ என்று வாசித்துவிட்டு, கடற்கரை ஊர்தானே, சுறா பிடித்தவராக இருந்திருப்பார் என்று முடிவுகட்டிய உறவினர் ஒருவர் எனக்கும் இருந்தார். உண்மையில் அது உத்தியோகப் பெயர். மாவட்ட அரச நிருவாக அலுவலகமான கச்சேரியில் அரச பணத்தை வாங்கி, எண்ணி, பெட்டகத்தில் வைத்துப் பூட்டி, அதற்குக் கணக்கொப்புவித்தவரே சிறாப்பர்.

சொல்லின் வேர் அரபு மொழியில் உள்ளது. அங்கே நாணயம் மாற்றுபவர் ‘ஸர்ராஃப்’. அச்சொல் பாரசீகம், இந்துஸ்தானி வழியாக இந்தியக் கடைத்தெருக்களுக்கு வந்தது. ஆங்கிலேயர் அதை ‘ஷ்ரோஃப்’ ஆக்கிக்கொண்டனர். தமிழகத்தில் ‘சராப்பு’ என்றும், சிங்களத்தில் ‘சரப்’ என்றும், நம்மிடம் மரியாதை விகுதியோடு ‘சிறாப்பர்’ என்றும் நின்றது. (ஹொங்கொங்கில் வாகனத் தரிப்பிடக் கட்டணம் வாங்கும் இடத்துக்கு இன்றும் இதே பெயர்தான்.)

காசை எண்ணுவதற்குத் தனியோர் உத்தியோகத்தர் எதற்கு என்று கேட்கலாம். 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் திருகோணமலையைக் கைப்பற்றிய காலத்தில், இலங்கையில் ரிக்ஸ்டொலர், பணம், வராகன், இந்திய ரூபாய் எனப் பலவகை நாணயங்கள் கலந்து புழங்கின. 1825இல் ஸ்டேர்லிங் நாணயமுறை வந்தபோது ஒரு ரிக்ஸ்டொலர் ஒரு சிலிங்கு ஆறு பென்சுக்குச் சமமென விதிக்கப்பட்டது. 1872இல்தான் நூறு சதம் கொண்ட ரூபாய் நிலைத்தது. அதுவரை, வெள்ளிக் காசைக் கல்லில் சுண்டி அதன் ஓசையைக் கேட்டும், பொற்காசை உரைகல்லில் தேய்த்து அதன் நிறத்தைப் பார்த்தும், இது செல்லும், இது செல்லாது என்று சொல்லத் தெரிந்த ஒருவர் இல்லாமல் வரிப்பணம் வாங்குவது பெரும் சங்கடமாகவே இருந்திருக்கும். காசு ஒரே வகையானதும் நோட்டம் பார்க்கும் வேலை குறைந்தது. எண்ணும் வேலையும் பெயரும் தங்கின.

இதற்கு நேரான தமிழ்ச்சொல் மிகப் பழையது. நாணயத்தின் தரம் பார்ப்பவனைச் சங்ககாலத்தில் ‘வண்ணக்கன்’ என்றனர். வடமவண்ணக்கன் பேரிசாத்தனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர்கிழான் ஆகிய புலவர்களின் பெயர்களிலேயே அத்தொழில் ஒட்டியிருக்கிறது. ஆனால் கிழக்கிலங்கையில் இச்சொல்லை எடுத்தாள்வதில் ஒரு சிக்கல் உண்டு. மட்டக்களப்புப் பகுதிக் கோயில்களான கொக்கட்டிச்சோலையிலும் மாமாங்கத்திலும் வண்ணக்கர் என்றால் கோயிலின் வருவாயையும் உடைமையையும் பொறுப்பேற்று நிருவகிப்பவர். காசைச் சோதித்தவர் கோயிற் பணத்துக்குக் காவலராகி, பின்பு கோயிலுக்கே பொறுப்பாளரானார் என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

ஆகவே சிறாப்பராக இருந்த பூட்டனாரைத் தூய தமிழில் எழுதும் ஆசையில் வம்சாவளியில் ‘வண்ணக்கர்’ என்று போட்டால், நம் பகுதியில் வாசிப்பவர் அவரைக் கோயில் நிருவாகியாக்கிவிடுவார். ‘நாணய நோட்டகர்’ என்பதும் பிற்காலத்துச் சிறாப்பருக்குப் பொருந்தாது. பதிவில் உள்ள ‘சிறாப்பர்’ என்ற சொல்லை அப்படியே வைத்து, பக்கத்தில் ‘கச்சேரிக் காசாளர்’ என்று விளக்கம் எழுதுவதே முறை. ‘சிறாப்பு முதலியார்’ என்றிருந்தால் முதலியார் என்பதைப் பதவிப் பட்டமாகவே கொள்ளவேண்டும். அதைச் சாதிப்பெயராக எண்ணித் தமிழகத்தில் உறவு தேடப் போகவேண்டியதில்லை.

இன்னொன்று: அரச பணத்தைக் கையாள்பவர் பிணை கொடுக்கவேண்டும் என்பது அக்கால விதி. பூட்டனார் சிறாப்பரென்று தெரிந்தபின் காணிப் பதிவகத்துக்குப் போகிறவர்கள், வாங்கிய காணிகளை மட்டுமன்றி, உத்தியோகப் பிணைக்காக அரசுக்கு ஈடுவைத்த காணி ஏதும் உண்டா என்றும் அவர் பெயரில் தேடிப் பார்க்கவேண்டும்.