வீராங்கனைக்கு முன்னால் எதற்கு ஒரு ‘பெண்’?

கணினி ஆட்டப் போட்டி ஒன்றின் தமிழ் வர்ணனையில் அரை மணி நேரத்துக்குள் ஆறு முறை கேட்டுவிட்டேன்: ‘பெண் வீராங்கனை’. ஆறாவது முறை ஒலியை அணைத்துவிட்டேன்.

வீர + அங்கனை. இரண்டும் வடமொழி. அங்கனை என்றாலே பெண்தான்; ‘அங்கம்’ என்பதிலிருந்து வந்தது, வடிவான உடல் கொண்டவள் என்று பொருள். ஆக, ‘பெண் வீராங்கனை’ நம் ‘நடு சென்டர்’ வகை.

‘பெண்’ணை வெட்டினாலும் மிச்சமிருக்கும் சொல் எனக்கு உறுத்துகிறது. கிரிக்கெட்டிலோ கபடியிலோ வீராங்கனை என்றால் மகளிர் அணி, மகளிர் போட்டி என்று புரிந்துகொள்கிறோம். அங்கே அது சரி. கணினி ஆட்டங்களில் முதன்மைப் போட்டிகள் பெரும்பாலும் எல்லாருக்கும் பொது. 2018 பிப்ரவரியில் தென்கொரியாவின் பியோங்சாங்கில் நடந்த ஸ்டார்கிராஃப்ட் 2 போட்டியில் கனடாவின் ஸ்கார்லெட், இறுதியாட்டத்தில் ஒரு கொரியரை 4–1 என்று சாய்த்தார். ‘வீராங்கனை ஸ்கார்லெட் கோப்பை வென்றார்’ என்று எழுதிப் பாருங்கள். படிப்பவர் அதை மகளிர் கோப்பை என்றே நினைப்பார். செய்தியே போச்சு.

தென்கொரியப் பெண் கெகூரியின் கதை இன்னும் பொருத்தம். ஓவர்வாட்ச் என்ற சுடும் ஆட்டத்தில் குறி இவ்வளவு துல்லியமாக விழுகிறதே, ஏதோ மென்பொருள் வைத்து ஏமாற்றுகிறார் என்று 2016-ல் அவர்மேல் பழி. கையும் சுட்டியும் தெரியும்படி கேமரா வைத்து நேரலையில் ஆடிக் காட்டினார். அங்கங்களில் அன்று கணக்கில் வந்தது கை ஒன்றுதான். 2018-ல் ஓவர்வாட்ச் லீகில் ஷாங்காய் டிராகன்ஸ் அணிக்காக ஆண்களோடு சேர்ந்தே ஆடினார். அவரை எதற்கு ‘அங்கனை’ என்று தனியே பிரிக்க வேண்டும்?

பெண்கள் ஆடுவது வெளியே தெரிய வேண்டாமா என்பார்கள். வேண்டும். பால்தான் செய்தி என்றால் ‘பெண் ஆட்டக்காரர்’ என்று ஒருமுறை சொல்லுங்கள். மற்ற இடத்தில் ‘ஆட்டக்காரர்’ போதும். தமிழில் ‘அர்’ ஈறு இருபாலுக்கும் பொது: ஆட்டக்காரர் வென்றார். ஆங்கிலக்காரர்கள் அவனா அவளா என்று திண்டாடுகிற இடத்தை நாம் எப்போதோ தாண்டியாயிற்று. (‘ஆட்டக்காரி’ வேண்டாம், அதில் ஒட்டியிருக்கும் ஏளனம் போகாது.) ‘காரர்’ வடமொழியாயிற்றே என்று தனித்தமிழ் நண்பர்கள் வருவார்கள். அவர்களுக்கு ‘ஆடுநர்’ இருக்கிறது, பழைய சொல், எனக்கு மறுப்பில்லை.

வாலரன்ட் ஆட்டத்துக்கு 2021-ல் தொடங்கிய கேம் சேஞ்சர்ஸ் தொடரிலாவது வீராங்கனை பொருந்துமா? அது பெண்களோடு ஓரங்கட்டப்பட்ட பிற பாலினத்தவருக்கும் உரிய தொடர். அங்கும் அந்தச் சொல் சிலரை வெளியே நிறுத்திவிடுகிறது.

மொழிபெயர்ப்பவர்கள் சொல்லை எண்ணித்தான் பெயர்க்கிறார்களோ என்னவோ. ஆங்கிலத்தில் ‘ஃபீமேல் பிளேயர்’ என்று இரண்டு சொல் இருந்தால் தமிழிலும் இரண்டைக் கொட்டிவிட வேண்டும். ஒன்றே இரண்டையும் சொல்லிவிடுகிறதா என்று பார்க்க நேரமில்லை. இத்தனைக்கும் அந்த வர்ணனையில் ஆண்கள் எல்லாரும் வெறும் ‘பிளேயர்’.