பூமியின் காதுக்குத் தப்பாத வெடி

2006 அக்டோபர் 9 அன்று வட கொரியா தன் மலை ஒன்றின் அடியில் முதல் அணுகுண்டை வெடித்துப் பார்த்தது. அதன் ஆற்றல் ஒரு கிலோடன்னுக்கும் குறைவு. ஹிரோஷிமாவில் விழுந்த குண்டில் பதினைந்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அப்படியிருந்தும் உலகின் பல மூலைகளில் இருபதுக்கும் மேற்பட்ட நிலநடுக்க நிலையங்கள் அந்த அதிர்வைப் பதிவுசெய்தன. இரண்டு வாரம் கழித்து, கனடாவின் யெல்லோநைஃப் நகரில் காற்றை உறிஞ்சி வடிகட்டிக்கொண்டிருந்த ஒரு கருவியில், அணுப்பிளவில் உண்டாகும் கதிரியக்க வாயுவான செனான்-133-இன் அணுக்கள் சிக்கின. அந்த நாட்களின் காற்றோட்டத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டபோது, தடம் வட கொரியாவோடு பொருந்தியது.

அணு ஆயுதச் சோதனைகளை அடியோடு தடைசெய்யும் பேச்சு எழும்போதெல்லாம், 'மறைவாக வெடித்தால் யார் கண்டுபிடிப்பது?' என்ற கேள்வியே அதை முடக்கி வந்திருக்கிறது. அந்தக் கேள்விக்கு இன்று விடை இருக்கிறது என்பதால்தான் அந்தப் பேச்சை மீண்டும் தொடங்க வேண்டும் என்கிறேன்.

நிலநடுக்கத்தின்போது இரண்டு பாறைத் தொகுதிகள் ஒரு பிளவின் வழியே ஒன்றையொன்று உரசிக்கொண்டு நகர்கின்றன. ஆகவே முதலில் வந்து சேரும் அலை, சில திசைகளில் உள்ள நிலையங்களில் தரையை மேலே தள்ளும், வேறு திசைகளில் கீழே இழுக்கும். வெடிப்பு அப்படியன்று. அது சுற்றியுள்ள பாறையை எல்லாப் பக்கமும் வெளிநோக்கியே தள்ளுவதால், எந்தத் திசையில் கருவியை வைத்தாலும் முதல் அசைவு மேல்நோக்கியே இருக்கும். மேலும், பாறையை அமுக்கி விரைந்து செல்லும் முதன்மை அலை வெடிப்பில் வலுவாகவும், பாறையைப் பக்கவாட்டில் அசைத்துப் பின்னால் வரும் இரண்டாம் அலை மெலிந்தும் காணப்படும். நிலநடுக்கத்தில் இந்த விகிதம் பெரும்பாலும் தலைகீழ்.

ஏமாற்ற வழியே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. பாறைக்குள் பெரிய குழியொன்றைக் குடைந்து அதன் நடுவே குண்டை வெடித்தால் அதிர்வு வெகுவாக அடங்கிவிடும். மிசிசிப்பியின் உப்புப் படிவத்தில் 1964-இல் ஒரு குண்டை வெடித்து உண்டாக்கிய குழிக்குள்ளேயே 1966-இல் 0.38 கிலோடன் குண்டை வெடித்து, அதிர்வு சுமார் எழுபது மடங்கு குறைவதை அமெரிக்கா நேரடியாகவே அளந்து பார்த்தது. ஆனால் குண்டு பெரிதாக ஆகக் குழியும் பெரிதாக வேண்டும். தோண்டிய மண்ணைச் செயற்கைக்கோளின் கண்ணுக்குத் தெரியாமல் எங்கே கொட்டுவது என்ற தலைவலி வேறு.

அதிர்வை அடக்கினாலும் வாயுவை அடக்குவது கடினம். செனான் எதனோடும் எளிதில் வினைபுரியாத மந்த வாயு. பாறையின் மயிரிழை விரிசல்கள் வழியே மெல்லக் கசிந்து மேலே வந்துவிடும். 2013 பிப்ரவரியில் வட கொரியா நடத்திய சோதனையின் செனான், ஐம்பத்தைந்து நாட்கள் கழித்து ஜப்பானின் தகாசாகி நிலையத்தை எட்டியது. செனான்-133-இன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைந்துபோக எடுக்கும் காலம், 5.2 நாள், செனான்-131-இன் நிலைமாறும் வடிவத்துக்கு ஏறத்தாழ 12 நாள். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சிதைவதால், கிடைத்த மாதிரியில் அவற்றின் விகிதத்தை வைத்து, அணுப்பிளவு எப்போது நடந்திருக்கும் என்று கணக்கிட முடிந்தது.

1996 செப்டம்பர் 24 அன்று கையெழுத்துக்குத் திறக்கப்பட்ட முழுத்தடை ஒப்பந்தம் இதற்கென வகுத்த வலையமைப்பில் 321 நிலையங்களும் 16 ஆய்வகங்களும் உண்டு. 170 நிலையங்கள் நிலத்தையும், 60 நிலையங்கள் மனிதச் செவிக்கு எட்டாத தாழ்ஒலியையும், 11 நிலையங்கள் கடலையும் கேட்கின்றன. 80 நிலையங்கள் காற்றில் கதிரியக்கத்தைத் தேடுகின்றன. 2017 நவம்பரில் அர்ஜென்டினாவின் சான் ஹுவான் நீர்மூழ்கிக் கப்பல் மறைந்தபோது, ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த இரண்டு கடல் நிலையங்கள் அதன் கடைசி ஓசையைப் பிடித்திருந்தன.

1963-இல் முழுத்தடை பற்றிப் பேசியபோது இந்த வலையமைப்பு இல்லை. சந்தேகத்துக்குரிய இடங்களை ஆண்டுக்கு ஏழு முறையாவது நேரில் வந்து பார்வையிட வேண்டும் என்று அமெரிக்கா கேட்டது. மூன்றுக்கு மேல் முடியாது என்றது சோவியத் ஒன்றியம். நான்கு என்ற வித்தியாசத்தில் முழுத்தடை கைநழுவி, வளிமண்டலம், விண்வெளி, நீரடி ஆகியவற்றில் மட்டும் சோதனையைத் தடுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. நிலத்தடிச் சோதனைகள் பல பத்தாண்டுகள் தொடர்ந்தன.

நம் பங்கையும் சொல்லிவிட வேண்டும். சோதனைகளை நிறுத்தி வையுங்கள் என்று 1954 ஏப்ரல் 2 அன்று நாடாளுமன்றத்தில் முதலில் கேட்டவர் நேரு. அயலார் வெடிப்புகளைக் கேட்பதற்காகவே 1965-இல் பெங்களூருக்கு வடக்கே கௌரிபிதனூரில் ஒரு நிலநடுக்கமானி அணி நிறுவப்பட்டது. ஆயினும் 1996-இல் இந்தியா கையெழுத்திட மறுத்தது. அந்த அருமையான நிலையமும் ஒப்பந்தத்தின் வலையமைப்பில் இல்லை. ஆயுதம் வைத்திருப்போர் அதை ஒழிக்கக் காலவரையறை சொல்லட்டும் என்று இந்தியா கேட்டதில் நியாயம் இருந்தது. அந்த நியாயத்தைப் பேச்சு மேசைக்கு வெளியே நின்று சொல்வதைவிட உள்ளே அமர்ந்து சொல்வதே வலிமை என்பது என் கருத்து.

ஒப்பந்தம் நடைமுறைக்கு வர, பெயர் குறிப்பிடப்பட்ட 44 நாடுகளும் கையெழுத்திட்டு, பின் ஏற்புறுதி எனும் இறுதி ஒப்புதலையும் தர வேண்டும். இந்தியா, பாகிஸ்தான், வட கொரியா கையெழுத்தே இடவில்லை. அமெரிக்கா, சீனா, எகிப்து, ஈரான், இஸ்ரேல் கையெழுத்தோடு நின்றுவிட்டன. தந்த ஏற்புறுதியை ரஷ்யா 2023-இல் திரும்பப் பெற்றது. ஆக, இந்த ஒன்பது நாடுகளை மீண்டும் ஓர் அறைக்குள் கொண்டுவருவதே இப்போதைய வேலை.

தாமதத்துக்கு அறிவியல் ரீதியாக ஒரு விலை உண்டு. வெடிப்பின் நியூட்ரான்கள் பாறையின் கால்சியத்தில் மோதும்போது ஆர்கான்-37 என்ற கதிரியக்க வாயு உருவாகிறது. சந்தேகத்துக்குரிய இடத்தில் அது கிடைத்தால் மிக வலுவான சான்று. ஆனால் அதன் அரை ஆயுள் 35 நாள் என்பதால், நேரில் பார்வையிடும் ஆய்வுக் குழு சில மாதங்களுக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும். குழுவில் நாற்பது பேர் வரை, பரப்பு 1,000 சதுர கிலோமீட்டர் வரை என்று ஒப்பந்தம் விதி வகுத்திருக்கிறது. 2014-இல் ஜோர்டானில் சாக்கடல் அருகே பெரிய ஒத்திகையும் நடந்தது. ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த பிறகே அந்தக் குழுவை உண்மையில் அனுப்ப முடியும். வட கொரியா இதுவரை அறிவித்த ஆறு சோதனைகளில் ஒன்றுக்குக்கூட அது புறப்பட்டதில்லை.