பிக்கப் எலக்ட்ரோடு: உணர்மின்வாய்

திருநெல்வேலிப் பக்கம் பிக்கப் என்றால் களக்காட்டிலிருந்து வாழைத்தார் ஏற்றி வரும் வண்டிதான் முதலில் நினைவுக்கு வரும். கோயில் கொடைக்கு ரேடியோ செட் கட்டிய பழைய ஆட்களைக் கேட்டால், இசைத்தட்டின் மேல் ஊசியைத் தாங்கும் தலைப்பகுதியைச் சொல்வார்கள். நாம் தமிழ்ப் பெயர் தேடும் பிக்கப், துகள்களை மிக வேகமாக ஓடவிடும் துகள் முடுக்கியில் இருப்பது; அது இந்த இரண்டாவதற்குச் சொந்தம். ஊசியின் அதிர்வை மின்குறிகையாக (சிக்னலாக) எடுப்பது அது; ஓடும் துகள் கற்றையின் விலகலை அப்படி எடுப்பது இது.

எலக்ட்ரோடு, ஃபாரடே 1834-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல். கிரேக்கத்தில் எலக்ட்ரான் என்றால் அம்பர், ஹோடோஸ் என்றால் வழி. தமிழில் மின்முனை, மின்வாய் இரண்டும் உண்டு. இங்கே இருப்பவை தகடுகள் என்பதால் மின்வாயே பொருந்தும்.

அடுத்தது, இந்த மின்வாய் செய்யும் வேலையோடு வரும் சொல்: கூலிங். கற்றைக்குள் துகள்கள் ஆளுக்கொரு பக்கம் அலைபாயும்; அதைக் குறைப்பதைத்தான் இத்துறையில் அப்படிச் சொல்கிறார்கள். குளிர்வித்தல் என்று எழுதினால் படிப்பவர் பனிக்கட்டியை நினைப்பார். கோபம் தணிகிறது, காற்று தணிகிறது என்கிறோமே, அந்தத் தணிப்புதான் சரி: கற்றை தணிப்பு.

ஜெனீவாவில் உள்ள சேர்ன் துகள் ஆய்வகத்தில் சைமன் வான் டெர் மீர் 1968-இல் யோசித்து, 1972-இல் எழுதி வெளியிட்ட முறை இது. துகள்கள் சுற்றி ஓடும் வளையத்தின் ஓரிடத்தில் கற்றைக்கு இருபுறமும் தகடுகள். கற்றையின் ஒரு சிறு துண்டு நடுவிலிருந்து விலகி வந்தால், கிட்டத்தில் இருக்கும் தகட்டில் குறிகை கூடும். இரண்டு தகடுகளின் குறிகை வேறுபாட்டைப் பெருக்கி வளையத்தின் எதிர்ப்புறம் அனுப்பி, அதே துண்டு அங்கே வரும்போது திருத்த வேண்டும். துகளோ ஏறக்குறைய ஒளி வேகத்தில் போகிறது, குறிகை எப்படி முந்தும்? நெல்லையப்பர் தேர் ரத வீதிகளைச் சுற்றி வருவதற்குள், கோயிலுக்குள் புகுந்து குறுக்கே போய்விடலாமே, அந்தக் கணக்குதான். இப்படித் திரட்டிய எதிர்ப்புரோட்டான்களால் (புரோட்டானின் எதிர்த்துகள்கள்) 1983-இல், அணுக்கருவின் மெல்விசையைச் சுமக்கும் டபிள்யூ, இசட் துகள்கள் கிடைத்தன. மறு ஆண்டே வான் டெர் மீருக்கும் கார்லோ ரூபியாவுக்கும் நோபல் பரிசு.

ஆனால் முழுப் பாடும் தகட்டில்தான். வரும் குறிகை அவ்வளவு மெலிசு. உலோகத்தின் சொந்த வெப்ப இரைச்சலே அதை மூடிவிடும். அதனால் பல தகடுகளின் குறிகைகளை ஒன்றாகச் சேர்க்கிறார்கள். தகட்டின் நீளம் பெரும்பாலும் கால் அலைநீளம். 1 கிகாஹெர்ட்ஸில் ஏழரை சென்டிமீட்டர். கற்றையை நெருங்க நெருங்கக் குறிகை வலுக்கும், ஆனால் தொடக்கத்தில் கற்றை அகலமாக இருப்பதால் தகடு வழியை மறிக்கும். சேர்னின் எதிர்ப்புரோட்டான் சேகரிப்பு வளையத்தில், கற்றை ஒடுங்க ஒடுங்கத் தகடுகளையும் உள்ளே நகர்த்தினார்கள். என்ன அழகான பொறியியல்! அப்புறம் அந்த வெப்ப இரைச்சலைக் குறைக்கத் தகட்டையே கடுங்குளிரில் வைப்பதும் உண்டு. மகேந்திரகிரியில் இஸ்ரோ கிரையோஜெனிக் (கடுங்குளிர் எரிபொருள்) எஞ்சின் சோதிப்பதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த நுட்பம் அந்நியமல்ல. ஆக, குளிர்விப்பது தகட்டை, தணிப்பது கற்றையை. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் மாணவர் குழம்புவார்.

பிக்கப் எலக்ட்ரோடுக்கு உணர்மின்வாய் என்பது என் பரிந்துரை. உணர்வாய் என்று சுருக்க வேண்டாம், வினைச்சொல்லாகிவிடும். திருத்தம் கொடுக்கும் மறுமுனைக் கருவியான கிக்கரை உந்துமின்வாய் எனலாம்.