ஷேடோகிராம்: நிழற்பதிவு

காமா கதிர் வானியலில் ‘ஷேடோகிராம்’ என்பது, துளைத் தகடு ஒன்றின் நிழல் உணர்வித் தளத்தில் விழ, அத்தளத்தின் ஒவ்வொரு படவணுவிலும் (பிக்சல்) எத்தனை ஒளியன்கள் (ஃபோட்டான்கள்) பதிவாயின என்று காட்டும் எண்ணிக்கைப் பதிவு ஆகும். சொல்லின் முற்பகுதி நிழலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். ‘எழுதப்பட்டது’ என்னும் பொருளுடைய ‘கிராம்மா’ என்ற கிரேக்கச் சொல்லின் வழிவந்த பிற்பகுதியை டெலிகிராம், கார்டியோகிராம் ஆகியவற்றின் ஈறாகவும் காணலாம்.

வழக்கமான வில்லைகளையும் ஆடிகளையும் காமா கதிர்கள் ஊடுருவிச் சென்றுவிடுவதால், அவற்றைக் குவித்துப் படமாக்குவது மிகக் கடினம். ஆகவே, 2002 அக்டோபர் 17 அன்று பைகோனூரிலிருந்து ஏவப்பட்ட ஐரோப்பிய விண்வெளி முகமையின் இன்டெக்ரல் செயற்கைக்கோளில், ‘ஐபிஸ்’ என்னும் கருவியின் உணர்வித் தளத்துக்கு மூன்று மீட்டருக்கும் மேலான உயரத்தில் டங்ஸ்டன் தகடு ஒன்று பொருத்தப்பட்டது. அதில் ஏறக்குறைய பாதிக் கட்டங்கள் திறந்தும் மற்றவை அடைத்தும், கணக்கிட்ட ஒழுங்கில் அமைந்திருந்தன. இதனை ‘கோடட் மாஸ்க்’ என்பர். ‘மாஸ்க்’ என்பதற்கு முகமூடி என்று எழுதுவது பொருந்தாது. கதிரை மறைப்பதன் மூலமே அது வந்த திசையைத் தெரிவிப்பதால் குறிமுறை மறைதகடு என்பதே தகும்.

வானின் ஒவ்வொரு கதிர்மூலமும் அந்தத் தகட்டின் நிழலைத் தன் திசைக்கேற்ப நகர்த்தி வீழ்த்துகிறது. 128 வரிசைகளும் 128 நிரல்களுமாக 16,384 படவணுக்கள் கொண்ட காட்மியம் டெல்லூரைடு உணர்வித் தளத்தில் அந்நிழல்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துவிடுவதால், பதிவைக் கண்ணால் பார்ப்பவருக்கு அதில் விண்மீன் எதுவும் தென்படாது. முதலில் தளமெங்கும் ஒரே சீராகப் பரவாத பின்னணி இரைச்சலைத் திருத்தி, பின்பு தகட்டின் துளை அமைப்புடன் பதிவைத் திசை திசையாக ஒப்பிட்டால், எந்தத் திசையில் பொருத்தம் உச்சமடைகிறதோ அங்கே கதிர்மூலம் இருப்பது புலப்படும். நண்டு நெபுலா போன்ற வலிய மூலங்கள் உரிய இடத்தில் மட்டுமன்றி வேறு இடங்களிலும் போலி உச்சங்களை உண்டாக்குவதால், அவற்றின் பங்கைக் கணித்துக் கழித்த பின்னரே மங்கிய மூலங்களைத் தேட முடியும். இப்பணியில் மிகுந்த பொறுமையைக் கேட்பது இந்தக் கட்டமே என்பேன்.

தமிழில் ஷேடோகிராமை ‘நிழற்படம்’ எனலாமே என்று தோன்றும். சொல்லளவில் அது நன்றாகவே பொருந்துகிறது. ஆயினும் அச்சொல் புகைப்படத்துக்கு வழங்கிவருகிறது, அதோடு படம் என்ற உடனே பார்த்து அறியத்தக்க காட்சியை வாசகர் எதிர்பார்ப்பார். கருவி செய்வது எண்ணிப் பதிதல் மட்டுமே. எனவே ‘நிழற்பதிவு’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். அதிலிருந்து கணித்துப் பெறுவதை ‘வான்படம்’ எனலாம்.

இந்த வேறுபாடு செய்முறைக்கும் இன்றியமையாதது. தொலைநோக்கி சற்றே திரும்பினாலும் நிழல்கள் இடம் மாறிவிடுவதால், வெவ்வேறு திசைநோக்கில் எடுத்த நிழற்பதிவுகளை அப்படியே கூட்டக் கூடாது. ஒவ்வொன்றையும் தனித்தனியே வான்படமாக மாற்றி, வான ஆயங்களில் (வானில் இடத்தைக் குறிக்கும் அளவெண்களில்) பொருத்திய பிறகே கூட்ட வேண்டும்.